படுத்திருக்கிற சாமியப் பாக்க ஏன்டா ஓடுற?

என்ன ராசா, சீரங்கம் போறியாமே? சனிக்கிழமை விடியக்காலம் மெட்ராசுலேருந்து காரை எடுத்து, சீரங்கம், ஆனைக்கா, சமயபுரம், மலைக்கோட்டை நாலையும் மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள "முடிச்சிட்டு" ராத்திரியே வீடு திரும்பப் போறதா உங்கப்பன் சொன்னான். கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கொள்ளிடத்து வடகரையிலயே பொறந்து, நரைச்சு, பல்லும் போன கெழவன் நான். எனக்கு இன்னமும் அந்தச் சீரங்கத்துக் கோயில முடிக்கத் தெரியல. நீ முடிச்சிட்டு வந்து அந்த வித்தைய எனக்கும் சொல்லிக்கொடு சாமி.

அதுக்கு முந்தி நாலு வார்த்தை சொல்றேன். பிடிச்சாக் கேளு. பிடிக்கலன்னா காதுல அந்த ஒயரு இல்லாத குமிழ மாட்டிக்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. இப்படித்தான் உங்கப்பனும் கேக்காமப் போனான், இன்னிக்கு நல்லாத்தானே இருக்கான்.

நீ போற ஊரு ஒரு தீவு. தீவுன்னதும் படகு எங்கன்னு தேடாதே. முக்கொம்புல காவேரி ரெண்டாப் பிரியுது. தெக்கால போறது காவேரிங்கிற பேர வச்சுக்கிட்டுது. வடக்கால போறது கொள்ளிடம். கெழக்கே கல்லணைப் பக்கம் ரெண்டும் கிட்டக்க வந்து, ஒண்ணையொண்ணு எட்டிப் பாத்துட்டு, மறுபடி அதது வழியில போயிடும். நடுவுல கெடக்கிற மண்ணுதான் சீரங்கம். மேக்கே கன்னட நாட்டுல சீரங்கப்பட்டணம் ஒரு தீவு, சிவசமுத்திரம் ஒரு தீவு. அங்கயும் நம்ம ரங்கநாதருதான். ஆதிரங்கம், மத்தியரங்கம், நம்மூரு அந்தியரங்கம்னு சொல்லுவாங்க. மூணு தீவு, மூணு கோயிலு, மூணுலயும் ஆளு படுத்தேதான் இருக்காரு. ரெண்டு பக்கமும் ஆறு ஓடுற எடமாப் பாத்துப் பாத்துப் படுக்கிறவரு அவரு. அவரப் பாக்க நீ கையில கடிகாரத்தோட ஓடி வர்றே. பாவம், உனக்கு மெட்ராஸ்ல ஆயிரம் வேலை. உலகத்தையே பாத்துக்கிற அவருக்குத்தான் ஒரு வேலையும் இல்ல போலிருக்கு.

அவரு அங்க வந்து சேந்ததே ஒரு அவசரத்துலதான். பட்டாபிஷேகம் முடிஞ்சு ராமரு விபீஷணனுக்குக் கொடுத்த பரிசு ரங்கவிமானம். இலங்கைக்குத் தூக்கிட்டுப் போற வழியில, காவேரிக்கரையில சந்தியாவந்தனம் பண்ண ஒரு நிமிசம் கீழ எறக்கி வச்சாரு. திரும்பி வந்து தூக்குனா அசையல. அழுத மனுசனுக்கு ஆறுதலா, தலைய மேக்கயும் கால கெழக்கயும் நீட்டி, முகத்த இலங்கை இருக்கிற தெக்குத் திக்குல திருப்பிக்கிட்டு பெருமாள் படுத்தாருங்கிறது தலபுராணம். மலைக்கோட்டைக்காரங்ககிட்ட கேட்டா, சின்னப் பையன் வேசத்துல வந்து வாங்கி, கீழ வச்சுட்டு ஓடுனது எங்க உச்சிப்பிள்ளையாருதாம்பாங்க. யாரு வச்சாலும் சரி, சீரங்கத்து மண்ணுல எதையும் எறக்கி வைக்கிறதுக்கு முந்தி ரோசனை பண்ணு. உன் மாமியாரையும் கூட்டிட்டுப் போறியாமே? "சித்த இங்க உக்காருங்கத்தை"ன்னு எங்கயும் உக்கார வச்சிடாதே. அப்புறம் தூக்குனா அசைய மாட்டாங்க.

காரைக் கொண்டுபோய் உத்திர வீதியில சொருகலாம்னு பாக்காதே. அது உன் அடுக்குமாடி வளாகமில்ல. தேரு ஓடுறதுக்கும் சாமி பொறப்படுறதுக்கும் போட்ட வீதிங்க. காரை ஊருக்கு வெளிய நிறுத்திட்டு 1-ம் நம்பர் டவுன் பஸ்ஸுல ஏறு. காவேரிப் பாலத்துல ஏறும்போது பஸ்ஸுல பாதிப் பேரு கைய எடுத்துக் கும்பிடுவாங்க. எதுக்குன்னு கேக்காதே, நீயும் கும்பிடு. காசா, பணமா?

எறங்குனதும் தெக்கால நிக்கும் ராஜகோபுரம். 236 அடி, 13 நிலை. அண்ணாந்து பாத்துட்டு, "அந்தக் காலத்துல எப்படித்தான் கட்டினாங்களோ"ன்னு பொண்டாட்டிகிட்ட பெருமூச்சு விடாதே. அது 1987-ல கட்டி முடிச்சது. விஜயநகர ராசாக்க காலத்துல அடிநிலை எழும்பி, அதோட நின்னுபோச்சு. நானூறு வருசம் அதுக்கு மொட்டைக் கோபுரம்னுதான் பேரு. அகோபில மடத்து 44-வது ஜீயரு தள்ளாத வயசுல அதைக் கையில எடுத்து முடிச்சு வச்சாரு. உன் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி போடக் கொத்தனாரு வரலைன்னு போனு போட்டு அழுதியே, அந்தப் பெருமாளு வாசலு நானூறு வருசம் அரைகுறையா நின்னுச்சு. அவரு ஒரு நாளாவது எழுந்து வந்து சத்தம் போட்டாரா?

உள்ள போனா ஏழு மதிலு, 21 கோபுரம், 156 ஏக்கரு. ஒவ்வொரு கோபுரம் தாண்டும்போதும் "இதுதான் கோயிலா?"ன்னு உன் புள்ள கேப்பான். அவன் மேல தப்பில்ல. வெளி மதிலுங்களுக்குள்ள வீடு இருக்கு, காய்கறிக் கடை இருக்கு, பாங்கு இருக்கு, துணி காயுது. கோயிலுக்குள்ள ஊரா, ஊருக்குள்ள கோயிலான்னு அங்க குடியிருக்கிறவங்களே கணக்குப் பாக்கிறதில்ல. நீ செருப்ப எங்க கழட்டுறதுன்னு மட்டும் பாத்துக்க.

போனை வெளியவே கொடுத்துடு. தமிழ்நாட்டுக் கோயிலுங்கள்ல செல்போன் கூடாதுன்னு 2022 டிசம்பர்ல ஹைகோர்ட்டே சொல்லிடுச்சு. சேஷராயர் மண்டபத்துல ஒரே கல்லுல பாயுற குதிரையும், மேல வீரனும், கீழ வேட்டை மிருகமும் இருக்கு. அதைக் கண்ணால பாரு. செதுக்குனவன் உன் முகத்தப் பக்கத்துல வச்சுப் பாக்கணும்னு நெனச்சுச் செதுக்கல.

இனிமே வரிசை. காசு வரிசை ஒண்ணு, காசில்லா வரிசை ஒண்ணு. எதுல நின்னாலும் கடைசியில பாக்கப்போறது ஒரே ஆளத்தான். காசு வரிசையில நிக்கிறவன் காசில்லா வரிசையப் பாக்கிற பார்வை இருக்கே, அதுக்குத் தனியா டிக்கெட் போடலாம். முன்னாடி நிக்கிற கெழவிய முட்டியால இடிச்சுக்கிட்டு "கோவிந்தா"ன்னு கத்துறவன் எல்லா வரிசையிலயும் இருப்பான். அவனுக்கு ஒரு கதை சொல்லு. உறையூர்ல ஒரு பாணரு. அந்தக் காலத்துச் சாதிக் கட்டுல தீவுக்குள்ள கால் வைக்க முடியாது. தெங்கரையில நின்னு, அங்கேருந்தே அரங்கனப் பாடிக்கிட்டிருந்தாரு. தண்ணி எடுக்க வந்த லோகசாரங்கருங்கிற பெரியவரு "தள்ளி நில்லு"ன்னாரு. பாட்டுல மயங்குனவருக்குக் காது கேக்கல. கல்ல விட்டெறிஞ்சாரு, நெத்தியில ரத்தம். அன்னிக்கு ராத்திரி பெருமாளு கனவுல வந்து சொன்னது ஒரே உத்தரவு: "நாளைக்கு அவரை உன் தோள்ல தூக்கிட்டு வா." தூக்கிட்டுத்தான் வந்தாரு. வந்தவரு பத்தே பாட்டுப் பாடி, திருவடியில ஆரம்பிச்சு கண்ணுல முடிச்சு, அதோட அவருகூடக் கலந்துட்டாருன்னு சொல்லுவாங்க. திருப்பாணாழ்வாரு. அதனால இடிச்சுத் தள்ளு ராசா, நல்லா இடிச்சுத் தள்ளு. நாளைக்கு யாரத் தோள்ல தூக்கச் சொல்லுவாருன்னு மட்டும் நெனச்சுக்க. உன் முதுகு வலிக்கு அது ஆவாது.

கர்ப்பகிரகத்துல இருட்டு. நீ வெயில்லேருந்து வந்தவன், கண்ணு பழகவே நேரமாவும். அஞ்சு தலை ஆதிசேசன் மேல, தைலக்காப்பு மினுங்கப் படுத்திருப்பாரு. சுதைத் திருமேனி, அபிசேகமெல்லாம் உற்சவரு நம்பெருமாளுக்குத்தான். பட்டரு தீபத்தக் காட்டும்போது நீ உண்டியலத் தேடிக்கிட்டிருப்ப. எனக்குத் தெரியும், உங்க பரம்பரையே அப்படி. பாணரு பாத்த மாதிரி கால்லேருந்து பாத்துக்கிட்டு மேல போ. ஆனியில ஜேஷ்டாபிஷேகம் முடிஞ்சு தைலக்காப்பு போட்டுட்டா, கொஞ்ச நாளைக்குத் திருமுகம் மட்டுந்தான் தெரியும், திருவடி மூடியிருக்கும். அந்த நேரத்துல போய், "காசு கொடுத்தும் பாதிதான் காட்டுனாங்க"ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாதே.

அந்த நம்பெருமாளு பட்ட பாடு உனக்குத் தெரியுமா? 1323-ல டில்லிப் படை வந்துச்சு. பிள்ளைலோகாசாரியாருங்கிற வயசாளி உற்சவரத் தூக்கிட்டு ராவோட ராவாத் தெக்க போனாரு. வழியில அவரு காலம் முடிஞ்சுபோச்சு. மலையாளம், மைசூரு, திருப்பதின்னு சுத்தி, 1371-லதான் கோபண்ணருங்கிற தளபதி திருப்பிக் கொண்டுவந்து சேத்தாரு. அதுக்குள்ள கோயில்ல வேற உற்சவரு இருக்காரு. எது பழைய மூர்த்தின்னு ஒருத்தருக்கும் தெரியல; தெரிஞ்ச தலைமுறை போய்ச் சேந்துடுச்சு. சாத்திரம் படிச்சவங்க அத்தனை பேரும் முழிச்சிக்கிட்டு நிக்க, கண்ணு தெரியாத கெழட்டு வண்ணாரு ஒருத்தரு வந்தாரு. பழைய நாள்ல சாமி துணிய வெளுத்தவரு. ரெண்டு மூர்த்திக்கும் திருமஞ்சனம் பண்ணி, ஈரத்துணிய அவருகிட்ட கொடுத்தாங்க. மணத்த வச்சு, "இவரே நம்பெருமாள்"ன்னாரு. அந்தப் பேருதான் இன்னிக்கும். வேட்டி வெளுத்த கையிதான் சாமிக்கு அடையாளச் சீட்டு கொடுத்துச்சு. உன் வீட்டுத் துணி தேய்க்கிறவருகிட்ட ரெண்டு ரூவாய்க்கு மல்லுக்கட்டுற பாரு, அப்போ இது ஞாபகம் வரட்டும்.

பெருமாளப் பாத்துட்டு அப்படியே வெளிய ஓடிடாதே. தாயாரு சன்னிதி தனி. ரங்கநாயகித் தாயாரு படி தாண்டாப் பத்தினி. உற்சவத்துக்குக்கூடக் கோயிலை விட்டு வெளிய வரமாட்டாங்க. ஊர்சுத்துறதெல்லாம் ஐயாதான். பங்குனி உற்சவத்துல ஆறாம் நாளு காவேரியக் கடந்து உறையூருக்குப் போறாரு. அங்க சோழ ராசா மக கமலவல்லி நாச்சியாரோட சேர்த்தி. ஒம்பதாம் நாளு, பங்குனி உத்திரத்தன்னிக்குத் தாயாரு வாசலுக்கு வந்து நிக்கிறாரு. சேதி அதுக்குள்ள எட்டியாச்சு. கதவு சாத்திக்கும். வாழைமட்டை பறக்கும், பூப் பறக்கும், வெண்ணெய் பறக்கும். மோதிரம் தொலைஞ்சுபோச்சு, தேடிட்டு வர நேரமாயிடுச்சுங்கிறாரு ஐயா. ரெண்டு பக்கத்துக்கும் வக்காலத்து வாங்கிப் பேச ஆளு உண்டு. அதுவே அங்க ஒரு சடங்கு, மட்டையடின்னு பேரு. கடைசியில நம்மாழ்வாரு வந்து சமாதானம் பேசினப்புறந்தான் கதவு தெறக்கும். வருசத்துல அன்னிக்கு ஒரு நாளுதான் ரெண்டு பேரும் சேந்து காட்சி. மூணு லோகத்தையும் அளந்த காலு வாசப்படியில கெஞ்சிக்கிட்டு நிக்குது. நீ ஆபீஸ்ல நேரமாயிடுச்சுன்னு சொல்லும்போது உன் பொண்டாட்டி நம்பலைன்னு கோவிச்சுக்குற. எல்லாம் பழைய சாக்குதான் ராசா, மோதிரத்தையாவது மாத்திச் சொல்லு.

தாயாரு சன்னிதிக்கு எதுத்தாப்புலதான் கம்பரு ராமாயணம் அரங்கேத்துன மண்டபம். பாட்டக் கேட்டு மேட்டழகிய சிங்கருங்கிற நரசிம்மரே தலைய ஆட்டுனாராம். நீ பேஸ்புக்குல கவிதை எழுதுறியாமே? உங்க அத்தை ஒருத்திதான் கட்டைவெரல் காட்டுறான்னு கேள்விப்பட்டேன். அந்த மண்டபத்துல ரெண்டு நிமிசம் உக்காந்துட்டு வா.

துலுக்க நாச்சியாரு சன்னிதியையும் விட்டுடாதே. டில்லி சுல்தான் மக, நம்பெருமாள் மேல ஆசப்பட்டுப் பின்னாடியே வந்தவங்கன்னு கதை. அவங்களுக்கு நைவேத்தியம் ரொட்டியும் வெண்ணெயும். டில்லிப் பொண்ணு வந்தா, சாமி வீட்டு அடுப்புலயே சப்பாத்தி வேகுது. உன் பொண்டாட்டி கொங்கு நாட்டுக் கொழம்பு வச்சா மூஞ்சியத் தூக்கிக்குற, நீயெல்லாம் பெரிய வைஷ்ணவன்! சாப்பாடுன்னதும் ஞாபகம் வருது. பெருமாளுக்கு அன்னாடம் புது மண்சட்டியிலதான் அமுது. அவருக்கே ஃப்ரிட்ஜ் கெடையாது. பிரசாதக் கடையில கெடைக்கிறத வாங்கி, படியில உக்காந்து சாப்பிடு. "இதுல நெய் எவ்வளவு"ன்னு கேட்டு அந்த மனுசனப் பதற வைக்காதே.

உடையவரு சன்னிதியில மட்டும் வாய மூடிக்கிட்டு நில்லு. ராமானுசரு உக்காந்திருக்கிறது சிலை இல்ல, அவரு திருமேனியேதான்னு அங்க நம்பிக்கை. வருசத்துக்கு ரெண்டு தடவை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாத்துவாங்க. கூட்டமும் இருக்காது. ஏன்னா அங்க போனா பணம் வரும், வேலை கெடைக்கும்னு எவனும் இன்னும் யூடியூப்ல சொல்லல.

"போனா வைகுண்ட ஏகாதசிக்குத்தான் தாத்தா போவேன்"னு உன் மச்சான் மார் தட்டுறான். போகட்டும். சொர்க்கவாசல்ல நுழையுற அவசரத்துல பக்கத்துல நிக்கிறவன நெசமாவே சொர்க்கத்துக்கு அனுப்பிடாம இருந்தாச் சரி. ஏகாதசியோட அந்த வாசல் பூட்டிக்காதுடா. பின்னாடி ராப்பத்து நாளுங்கள்லயும் நம்பெருமாளு அந்த வழியாத்தான் போறாரு. அன்னிக்குப் போனா மூச்சு விட எடமிருக்கும். புண்ணியம் கொறையுமோன்னு கேட்டானாம். கொறைஞ்சாலும் உன் மச்சான் கணக்குக்கு அது போதும்.

அதே தீவுல, நடந்துபோற தூரத்துல ஆனைக்கா. சிவன் கோயிலு, லிங்கத்தடியில தண்ணி ஊறுற எடம். உச்சிக்காலத்துல குருக்களு புடவை கட்டிக்கிட்டு, அகிலாண்டேசுவரியா மேளத்தோட வந்து சாமிக்கும் பசுவுக்கும் பூசை பண்ணுவாரு. நீ அந்நேரம் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஓட்டல் தேடிக்கிட்டிருப்ப. கொள்ளிடத்துக்கு வடக்க சமயபுரத்தா. அவ ரங்கநாதருக்குத் தங்கச்சி. தைப்பூசத்துக்குக் கொள்ளிடக்கரைக்கு வருவா; அண்ணன் வீட்டுலேருந்து புடவை, மாலை, மங்கலப் பொருளுன்னு சீரு போவும். பெருமாளே வருசம் தவறாமச் சீரு செய்றாரு. நீ உன் தங்கச்சிக்குப் பொங்கலுக்கு வாட்ஸாப்புல கரும்புப் படம் அனுப்புனியாம், அவ எங்கிட்ட காட்டினா. படம் நல்லா இனிப்பாத்தான் இருந்துச்சு.

முதல்ல சொல்ல வேண்டியத வேணும்னேதான் கடைசிக்கு வச்சேன். முதல்ல சொன்னா நீ மறந்துடுவ. காவேரிக்கரை அம்மா மண்டபத்துல குளிச்சிட்டுத்தான் கோயிலுக்குப் போவேங்கிற. நல்லது. சித்திரையில போனா மணல்லதான் புரளணும். மேட்டூரு தெறந்து தண்ணி வந்தப்புறம் போ. வெள்ளம் வர்ற நாள்ல படியிலேயே உக்காந்து சொம்பால மோந்து ஊத்திக்க, ஆழம் பாக்காதே. 2018 ஆகஸ்டு வெள்ளத்துல முக்கொம்புல கொள்ளிடம் பக்கத்து மதகுல ஒம்பது ஒடைஞ்சு போச்சு. இங்க பழைய கொள்ளிடம் பாலத்துத் தூணும் சாஞ்சுது. ஆர்தர் காட்டன் காலத்துலேருந்து, 1830-கள்லேருந்து நின்ன அணை அந்த முக்கொம்பு அணை. அதையே தூக்கிட்டுப் போன தண்ணிக்கு உன் நீச்சல் கிளாஸ் சர்டிபிகேட்டப் படிக்க நேரம் இருக்காது.

குளிச்சு முடிச்சதும் தோஷம் கழியணும்னு கட்டியிருந்த துணிய ஆத்துல விடச் சொல்லுவாங்க. விடாதே. உன் பாவத்த வேட்டியில கட்டி அனுப்புனா அது எங்க போவும்னு நெனக்கிற? பெருமாளு திருமஞ்சனத்துக்கு ஐப்பசியில இந்தக் காவேரித் தண்ணிதான் தங்கக் கொடத்துல யானை மேல போவுது. மத்த மாசத்துல கொள்ளிடத்துத் தண்ணி. ஆடியில அதே நம்பெருமாளு அம்மா மண்டபத்துக்கே வந்து, காவேரித் தாயாருக்குப் புடவையும் மஞ்சளும் சீராக் கொடுக்கிறாரு. அவரு பட்டுப்புடவை கொடுக்கிற எடத்துல நீ பழைய ஜட்டியக் கொடுக்கிற. அப்புறம் சன்னிதியில நின்னு "என் வேண்டுதல் பலிக்கல"ன்னு அழுவுற.

சாமி படுத்த எடத்துலேருந்து எங்கயும் போவமாட்டாரு ராசா. இன்னிக்கு ஆனைக்காவப் பாக்க முடியலன்னா அடுத்த மாசம் பாரு. ஒரு நாள்ல ஒரு கோயிலப் பாத்தாப் போதும், அதையும் நின்னு பாரு. ஓடுறதுக்கு ஆறு மட்டுந்தான் பொறந்திருக்கு. அதை ஓட விடு. உன் துணிய நீயே வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் தொவைச்சுப் போடு. அதுதான் பெரிய பரிகாரம், அதுக்கு டிக்கெட்டும் கெடையாது.